போஸ்ட் கார்டு இடைவெளி

அந்தத் தீப்பெட்டியைப் பார்த்து நான் பீடி குடிக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள், சார். எங்கள் வம்சத்திலேயே யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. மடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்தால் நசுங்கிவிடும் என்றுதான் மேசைமேல் எடுத்து வைத்தேன். அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும். டீயும் வேண்டாம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். நாங்கள் ஜைனர்கள், விளக்கு வைத்தபிறகு சாப்பிடுவதில்லை. இருட்டில் சோற்றோடு ஒரு பூச்சி உள்ளே போய்விட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது?

என் பெயர் பத்மராஜ். திண்டிவனத்தில்தான் பிறந்தேன், ஆனாலும் இந்தப் போலீஸ் ஸ்டேஷன் படியை இன்றுதான் மிதிக்கிறேன். என் மகன் சுமதிநாதன் வருகிற ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போகிறான். போனால் திரும்பி வரமாட்டான். நீங்கள் கூப்பிட்டு ஒரு அதட்டல் போட்டு அவனை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்கத்தான் வந்தேன். இருபத்து நாலு வயசுப் பிள்ளையை நாங்கள் எப்படி நிறுத்துவது என்று சிரித்தீர்கள். அவனுக்கு வலது கை இல்லை, தனியாகக் காலம் தள்ள முடியாது என்றேன். உடனே பேனாவை எடுத்துக்கொண்டு கை எப்படிப் போனது என்று கேட்டீர்கள். சொல்கிறேன். மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் மிஷினில் இருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு மர வேலை செய்கிறோம். உட்காரும் மணைப்பலகை, சாஸ்திரப் புத்தகம் வைத்துப் படிக்கிற சாய்வுப் பலகை, இப்படிச் சின்னச் சின்ன சாமான்கள். முன்பெல்லாம் உப்புத்தாள் வைத்துக் கையால்தான் தேய்ப்பேன். எனக்குத் தோள்பட்டை வலி வந்து கையைத் தூக்க முடியாமல் போனபோது, ஐ.டி.ஐ. படித்து முடித்திருந்த நாதன் அந்த மிஷினைச் செய்தான். பெல்ட் சாண்டர் என்று பெயர். இரண்டு இரும்பு உருளை, நடுவில் ஒரு தட்டை மேடை, அதன்மேல் உப்புத்தாள் மாதிரியே சொரசொரப்பான அகலமான பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பலகையை மேலே வைத்து லேசாக அழுத்தினால் போதும், கண்ணாடி போல ஆகிவிடும். உருளைகளைப் பக்கத்துத் தெரு லேத் பட்டறை ராயப்பன் கடைந்து கொடுத்தார். எனக்காகச் செய்த மிஷின் அது. என் தோள் வலிக்காக. அதை நான் மறக்கவில்லை.

பெல்ட் மிஷின் ஆபத்தானது என்று சொல்கிறவர்களுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒழுங்காக நடந்துகொண்டால் அது பசுமாடு. அந்த ஒழுங்கையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் பிள்ளைதான். தோளில் துண்டோடு நான் கொட்டகைக்குள் வந்தால் துண்டை உருவி ஆணியில் மாட்டிவிடுவான். பெல்ட் அதைப் பிடித்தால் கழுத்தோடு இழுக்குமாம். தூள் நெஞ்சில் போகாமல் மூக்கில் துணியைக் கட்டிவிடுவான். அதைப் பார்த்து ராயப்பன், "இன்னா நயினாரே, வடநாட்டு சாமியாரு மாதிரி மூஞ்சியக் கட்டிக்கினு கீறீங்க" என்று கேலி பண்ணுவார். எங்கள் ஜைனர்களை ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடுகிற பெல்ட்டில் எதையும் சரிசெய்யக் கூடாது. நிறுத்தி, அது முழுசாக நின்ற பிறகுதான் கை போக வேண்டும். சுவிட்சு வீட்டுச் சுவரில் இருந்தது, மிஷின் கொட்டகை நடுவில். அதனால் ஒருவன் தேய்க்கும்போது இன்னொருவன் சுவிட்சோரம் நிற்க வேண்டும் என்பதும் அவன் போட்ட சட்டம்.

எல்லாவற்றையும்விட அவன் பெரிசாக நினைத்தது தடுப்புக் கட்டையை. பெல்ட் ஓடுகிற வேகத்தில் பலகையையும் இழுத்துக்கொண்டு போய்விடாமல் மேடையின் கோடியில் குறுக்காக ஒரு கட்டை இருக்கும். அதற்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு போஸ்ட் கார்டு நுழையலாம், விரல் நுழையக் கூடாது. நுழைந்தால் கட்டைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும், பெல்ட் அரைத்துக்கொண்டே இருக்கும். தினமும் காலையில் போஸ்ட் கார்டை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடச் சொல்வான். "மெஷினு மேல தப்பு இல்லப்பா. நாமதான் பாத்துக்கணும்" என்பான்.

இன்னொரு பழக்கம் எங்களுக்கு உண்டு. அது எங்கள் மதத்தில் வந்தது. பலகையை மிஷினில் வைப்பதற்கு முன் மயிலிறகால் மெதுவாகத் தட்டிவிடுவோம், எறும்பு பூச்சி இருந்தால் போகட்டும் என்று. மழைக்காலத்தில் ரொம்பவும் ஜாக்கிரதையாக இருப்போம். ஐப்பசி பிறந்துவிட்டால் மரவட்டைகள் சுவரெல்லாம் ஏறும், உங்களுக்கே தெரியும். நாதன் வேலையை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து வெளியே விட்டுவிட்டு வருவான். வாடிக்கைக்காரர் காத்துக்கொண்டிருந்தாலும் சரி, மழை கொட்டினாலும் சரி. அவன் அம்மா கனகமணி வளர்த்த வளர்ப்பு அது. அவள் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நானும் அவனும்தான்.

போன வருஷம் விழுப்புரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் நின்றிருக்கிறான். செலக்ஷன் ஆகி ஆர்டர் வந்த பிறகுதான் சொன்னான். இலங்கைக்குப் படை போயிருந்த சமயம் அது. ஒரு எறும்பை மிதித்தால் மனசு கேட்காத குடும்பத்துப் பிள்ளை பட்டாளத்துக்குப் போவதா என்று கேட்டேன்.

"நான் துப்பாக்கி தூக்கப் போறதில்லப்பா. மெக்கானிக்கு. லாரி, ஜீப்பு ரிப்பேர் பண்ணுவேன்" என்றான்.

"அந்த லாரி எத ஏத்திக்கினு போவும்?"

நான் சொன்னதில் நியாயம் இருந்தது, நீங்களே யோசித்துப் பாருங்கள். அவன் வேறொன்று கேட்டான். "இங்கியே இருந்தா நான் இன்னா ஆவேன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?"

"என்கூட இருப்பே" என்றேன்.

என்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்தேன், சார். அழுதேன். சொந்தக்காரர்களிடம் போய்ச் சொல்லச் சொன்னேன். போனவர்கள் எல்லாரும் அவனைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தார்கள். பட்டினி கிடந்தேன். எங்களில் அடிக்கடி உபவாசம் இருப்பார்கள் இல்லையா, நான் விரதம் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவன் அடுப்பங்கரைப் பக்கமே சத்தம் போடாமல் நடந்தான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆர்டர் வந்த பிறகு சர்ட்டிபிகேட் சரிபார்க்க மறுபடி ஆள் எடுக்கிற இடத்துக்கு அவன் போயிருந்த நாட்களில் நான் அடுப்பு மூட்டவில்லை. வீட்டில் ஒரு சத்தம் கிடையாது. குழாயில் சொட்டுகிற தண்ணீரைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இனிமேல் ஆயுசுக்கும் இப்படித்தான் என்று நினைத்தேன். அந்தப் பயத்தை எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பாக்கியசாமி என்று ஒரு பழைய பட்டாளத்துக்காரர் மயிலம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவரிடம் சும்மா பேச்சுக் கொடுத்தேன். ஆர்டர் வந்த பிறகு யாரையாவது திருப்பி அனுப்புவார்களா என்று கேட்டேன். "சுட்டு விரல்ல ஒரு நுனி இல்லன்னாக்கூட வேணான்னு தள்ளிடுவாங்க நயினாரே" என்றார். நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

ஒரு நுனி. அது எவ்வளவு இருக்கும்? நகம் இருக்கிற அளவு. தச்சு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு விரல் குட்டையாகத்தான் இருக்கும். அதனால் யாரும் செத்துப் போய்விடவில்லை.

அன்று காலையில் வழக்கம்போலப் போஸ்ட் கார்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தான். நடுவில் கரண்ட் போய்விட்டது. அவன் வறுத்து வைத்திருந்த மல்லாட்டைக் கடலையைச் சாப்பிட உள்ளே போனான். நான் தடுப்புக் கட்டையைக் கழற்றித் தூள் துடைத்தேன். மறுபடி பூட்டும்போது கொஞ்சம் மேலே உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது இவ்வளவுதான் சொன்னேன், கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். நீங்கள் எழுதுவதால் சரியாகவே சொல்லிவிடுகிறேன். என் சுட்டு விரலை உள்ளே விட்டு அளவு பார்த்துத்தான் பூட்டினேன். அவன் விரலும் என் விரலும் ஒரே பருமன்.

கரண்ட் வந்ததும் ஓடி வந்தான். "ஜல்தியா முடிச்சிரலாம்பா, மறுபடியும் பூடும்" என்றான். கரண்ட் போய் வந்தால் மறுபடி போஸ்ட் கார்டு விட்டுப் பார்க்க வேண்டும் என்று அவன் சட்டத்தில் இல்லை. அதை நான் ஒரு குறையாகச் சொல்லவில்லை. சின்ன வயசு, எல்லாவற்றையும் யோசிக்க முடியாது.

ஒரு பலகையைத் தேய்த்து முடித்து, அடுத்ததை எடுக்க அவன் பின்பக்கம் குனிந்தான். பெல்ட் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தபோது தடுப்புக் கட்டையின் விளிம்பில் ஒரு மரவட்டை பெல்ட்டைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். மரவட்டையைத் தொட்டால் சுருண்டுகொள்ளும், சுருண்டால் உருளும், உருண்டால் பெல்ட்டில் விழும். அதனால் அடியில் விரல் கொடுத்து ஏந்த வேண்டும். விரலை எங்கே கொடுக்க முடியும்? கட்டைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில்தான். "அப்பா, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றான். அவன் சட்டத்தை அவன் மீறவில்லை. நிறுத்தத்தான் சொன்னான். ஆனால் அது விழப்போகிறது, அவனால் காத்திருக்க முடியவில்லை. கையை நீட்டிவிட்டான்.

அந்த மரவட்டை அங்கே எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். மழைக்காலத்தில் எங்கே வேண்டுமானாலும் வரும். ஆனால் ஓடுகிற மிஷின் அதிருமே, தானாக ஏறாதே என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சரிதான். அவன் குனிந்தபோது நான்தான் வைத்தேன். காலையிலேயே பிடித்து ஈரத்துணி போட்டு டப்பாவில் வைத்திருந்தேன். வைத்துவிட்டுச் சுவிட்சோரம் வந்து நின்றுகொண்டேன், என் இடம் அதுதானே. அவன் அலறியதும் உடனே அமுக்கிவிட்டேன். ஒரு நொடி தாமதிக்கவில்லை.

நுனியோடு நிற்கும் என்று நினைத்தேன். பெல்ட் இழுத்த இழுப்பில் பக்கத்து விரல்களும் உள்ளே போய்விட்டன. பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று விரல் போனது. பிறகு புண் சீழ் பிடித்தது, உயிருக்கு ஆபத்து என்று மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அழுத அழுகையைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அது நடிப்பு இல்லை, சார். என் பிள்ளை இல்லையா?

மயக்கம் தெளிந்ததும் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அப்பா, அந்த மரவட்ட?"

"பொழச்சிக்கிச்சு. நானே எட்துப் போயி வெளிய வுட்டேன்" என்றேன்.

"நல்லதுப்பா" என்று கண்ணை மூடிக்கொண்டான். நான் பொய் சொல்லவில்லை. அந்தக் களேபரத்திலும் அதைத் தேடி எடுத்துச் செம்பருத்திச் செடியடியில் விட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினேன்.

ஒரு வாரம் கழித்து ராயப்பன் வந்து மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தடுப்புக் கட்டையின் நட்டுகளை விரலால் தடவினார். "நயினாரே, ஒத்த நட்டுன்னா கழலும். ரெண்டு நட்டு போட்டு இறுக்கிக் கொடுத்தவன் நானு. அது தானா மேல ஏறாது" என்றார்.

"விதி ராயப்பா" என்றேன்.

"விதி கையில ஸ்பேனரு இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். அதன்பிறகு என் வீட்டு வாசல் ஏறவில்லை. போலீசுக்கும் போகவில்லை. நல்ல மனுஷன்.

பட்டாளத்துக்காரர்கள் அதன்பிறகு நாதனைக் கேட்கவில்லை. வெளியே சொல்லக் கூடாதுதான், ஆனால் உங்களிடம் சொல்கிறேன், அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். காலையில் குளிப்பாட்டி விடுவேன். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். பொழுது சாய்வதற்குள் சோறு பிசைந்து ஊட்டிவிடுவேன். ராத்திரி அவன் மூச்சு விடுகிற சத்தம் பக்கத்தில் கேட்கும். அவன் ஒரு துப்பாக்கியைத் தொடவில்லை, ஒரு உயிருக்குக் கெடுதல் பண்ணவில்லை, பாவம் ஒன்றும் அவன் கணக்கில் ஏறவில்லை. இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்துவிட முடியும்?

ஆனால் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. எனக்குத் தெரியாமல் இடது கையால் ஸ்பூன் பிடித்துப் பழகியிருக்கிறான். ஒருநாள் உருண்டையைக் கொண்டுபோனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "போதும்பா, நானே சாப்புட்டுக்கிறேன்" என்றான். அந்த உருண்டையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பிறகு இடது கையாலேயே பலகை தேய்க்கவும் ஆரம்பித்தான், வலது முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டெலிபோன் பூத் ஒன்று அவனுக்குக் கிடைத்திருக்கிறது. கை கால் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்களாம். அலைந்து வாங்கிக் கொடுத்தது ராயப்பன். தங்குவதற்கு ரூமும் பார்த்தாகிவிட்டது.

அவனுக்குத் தெரியுமா என்றுதானே கேட்கிறீர்கள். அவன் ஒன்றும் சொன்னதில்லை. நேற்றைக்கு, "என்ன வுட்டுட்டுப் போவாதடா, நாதா" என்று அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"அப்பா, அன்னிக்கு நிறுத்துங்க நிறுத்துங்கன்னேன். ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"மெஷினு சத்தத்துல கேக்கலடா."

"சரிப்பா" என்றான். கையை உருவிக்கொண்டு உள்ளே போய்த் துணியை மடிக்க ஆரம்பித்தான்.

கேட்டது, சார். உங்களிடம் சொல்வதற்கென்ன. இரண்டு தடவையும் நன்றாகக் கேட்டது. என் விரல் சுவிட்சுமேலேயே இருந்தது. அமுக்கினால் அவன் போய்விடுவான். அமுக்கவில்லை.

எழுதி முடித்துவிட்டீர்களா? எழுதுங்கள், எனக்கு அதைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் நான் கேட்டு வந்ததற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. என்னால் அவனை நிறுத்த முடியவில்லை. அழுது பார்த்தாகிவிட்டது, கெஞ்சிப் பார்த்தாகிவிட்டது. நாளைக்குக் காலையில் பாக்கி இருக்கிற பலகைகளைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்கிறான். இப்போதெல்லாம் என்னைச் சுவிட்சோரம் நிற்கச் சொல்வதில்லை. சுவிட்சையே மிஷின் பக்கத்தில் மாற்றி வைத்துக்கொண்டான். தடுப்புக் கட்டைக்கடியில் ஒவ்வொரு பலகைக்கும் போஸ்ட் கார்டு விட்டுப் பார்க்கிறான். கெட்டிக்காரன். ஆனால் அவனுக்கு இருப்பது ஒரு கை. சுவிட்சை அமுக்கவும் அந்தக் கைதான், உருளையோரம் ஊர்கிற ஒன்றைத் தூக்கிவிடவும் அந்தக் கைதான். எதற்கு முதலில் நீட்டுவான் என்று பெற்றவனுக்குத் தெரியாதா?

அந்தத் தீப்பெட்டியா? திறக்கிறதானால் மெதுவாகத் திறங்கள், சார். பயப்பட வேண்டாம், கடிக்காது. மூச்சு விட மேலே ஊசியால் துளை போட்டிருக்கிறேன். இன்று காலை கொட்டகை வாசலில் ஊர்ந்துகொண்டிருந்தது, யாராவது மிதித்துவிடப் போகிறார்களே என்றுதான் எடுத்து வைத்தேன். என் கையால் இதுவரை ஓர் உயிரும் போனதில்லை. நாதன் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகமாட்டான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், இதை உங்கள் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறேன்.